குட்டைக் கயிறும் கட்டை மீனும்

ஏரிக்கரையில் நின்றுகொண்டு என் நாத்தனார் மீனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சும்மா திட்டு இல்லை. அந்த மீனின் அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லோரையும் தண்ணீருக்கு மேலே வரவழைத்து வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். பனி விலகாத காலை. ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு புகை, புகைக்குள்ளிருந்து வாத்துகளின் கத்தல், அதற்கு மேலே நாத்தனாரின் கத்தல்.

நான் காப்பித் தம்ளரோடு பின்னால் போய் நின்றேன்.

"பாத்தியா அம்மிணி. இப்பத்தான், என்ற கண்ணு முன்னாடி. ஆத்தாகூட ஒட்டிக்கிட்டுப் போன குஞ்சு. லபக்குனு ஒரு சத்தம். தண்ணி சுழிச்சுது. குஞ்சைக் காணோம்."

"காப்பி ஆறுதுங்க நங்கை."

"குஞ்சு போச்சுங்கறேன், காப்பி ஆறுதுங்கற."

எங்கள் பக்கம் புருஷனின் அக்காளை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொல்வதில்லை. நானும் கல்யாணமான நாளிலிருந்து நங்கை, நங்கை என்று கூப்பிட்டு, இப்போது நிஜப் பெயரை யாராவது கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது நடந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்ட வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு சுவர்

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தை நாடு என்போம். தேவனூர் நாட்டில் எங்கள் வீடும் நங்கை வீடும் ஒட்டி இருக்கின்றன. நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர்கள் இல்லை. அவர் வீட்டுக்காரர் முன்னால் போனார், என்னுடையவர் பின்னால் போனார். என் ஒரே மகள் ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

காலையில் நங்கை சுவரில் கரண்டியால் தட்டுவார். நான் திருப்பித் தட்ட வேண்டும். தட்டினால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்ததில் தட்ட நேரமாகிவிட்டது. அதற்குள் தெருவில் பாதிப் பேரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டார். ஈரத் தலையோடு கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "இருக்கறியா, செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

நான் வாயில்லாதவள். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்கப் போனால்கூட விலை பேசுவது நங்கைதான். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது எப்படி என்று கேட்காதீர்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே.

நங்கைக்கு ஒரு மகன், குமரேசன். நாமக்கல்லில் கோழித் தீவனக் கம்பெனியில் வேலை, மாடி வீடு, கார். நல்ல பையன். அம்மா மலையில் தனியாகக் கிடக்கிறாளே என்று அவனுக்கு ஓயாத கவலை. மாதத்துக்கு ஒருமுறை கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து, "கெளம்பும்மா" என்பான்.

நங்கைக்குப் போக விருப்பமில்லை. வரமாட்டேன் என்று மகனிடம் சொல்லவும் வாய் வராது. என்னிடம் அருவி மாதிரிக் கொட்டுகிற வாய், அவனிடம் மட்டும் சொட்டுச் சொட்டாக விழும். அதனால் சாக்குச் சொல்லுவார். முதலில் மிளகு பறிப்பு முடியட்டும் என்றார். முடிந்தது. பசு சினையாக இருக்கிறது என்றார். பசு கன்று போட்டது, குமரேசனே ஆள் பார்த்து இரண்டையும் நல்ல இடத்தில் விற்றுக்கொடுத்தான். பிறகுதான் வாத்து வாங்கினார்.

வாத்தைப் பார்த்ததும் அவன் சிரித்தான். முட்டை ஊரில் இருக்கிறவன் இல்லையா, வாத்து முட்டை என்றால் அவனுக்கு இளக்காரம்.

"இதுக்குப் போயா இங்க இருக்கற? குடுத்துட்டு வாம்மா."

"எப்பிடிக் கண்ணு குடுக்கறது? ஏரியில ஒரு மீனு இருக்குது. குஞ்சு குஞ்சா முழுங்குது. எவன் வாங்குவான்? அந்த மீனு ஒழியட்டும். ஒழிஞ்ச மறுவாரம் நீ காரைக் கொண்டா, நான் ஏறிக்கறேன்."

"சத்தியமா?"

கோயில் இருக்கிற திக்கில் கையை நீட்டி நங்கை சத்தியம் செய்தார். அந்த மீனை யாராலும் பிடிக்க முடியாது என்கிற தைரியம்தான்.

ஆகவே வாசகர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மீன் நங்கைக்கு எதிரி. நங்கையை மலையில் இருத்தி வைத்திருந்ததும் அதே மீன்தான். அது ஏரியில் நீந்துகிற வரைக்கும் என் சுவரில் கரண்டிச் சத்தம் கேட்கும்.

மீன் கொழுத்தது, ஆள் இளைத்தார்

அது ஒரு பூவிரால். விராலிலேயே பெரிய ஜாதி. உடம்பெல்லாம் பூப்பூவாகப் புள்ளி இருக்கும். ஓரிடத்தில் பதுங்கிக் கிடந்து, இரை பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

எங்கள் மலையில் கோயில் பக்கத்து ஆற்று மீனை யாரும் தொடமாட்டோம். அதற்குப் பொரி போடுவோம், கும்பிடுவோம். ஏரி மீன் வேறு. அதைப் பார்த்ததும் அம்மியில் மிளகாய் வைத்துவிடுவோம்.

கீழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்து ஏரியைக் குத்தகைக்கு எடுத்து, கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கி விட்டார். பூவிரால் அதையெல்லாம் தின்று கொழுத்தது. அவர் இளைத்தார். கடைசியில் தன்னுடைய ஃபைபர் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனவர், திரும்பவில்லை. பரிசலுக்கு அடியில் நாய் குட்டி போட்டது.

பரிசல் என்றதும் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் காவிரிக்கரையில் பிறந்தவள். அப்பா பரிசல் ஓட்டி. மூங்கில் பரிசல், அடியில் தோல் போய் பிளாஸ்டிக் சாக்கு வந்து, தார் பூசின காலம். எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரிந்தது எப்போது என்று நினைவில்லை. நடக்கத் தெரிந்தது எப்போது என்று யாருக்கு நினைவிருக்கிறது?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கொஞ்ச நாளில் துடுப்பும் நின்றது. உள்ளங்கை காய்த்துப்போனால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். வந்த மாப்பிள்ளையோ மலையில் மிளகும் காப்பியும் பார்க்கிறவர். என் கையைப் பார்த்தாரோ இல்லையோ, அவர் கை என்னுடையதைவிடக் காய்ப்பு.

மலைக்கு வந்து இத்தனை காலத்தில் எனக்குப் பரிசல் ஓட்டத் தெரியும் என்பது நங்கைக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தால் போதாதா?

சைமன் சார் பெட்டியைத் திறந்தார்

செம்மேட்டில் ஒரு ஆபீஸில் கிளார்க்காக மாற்றலாகி வந்தவர் சைமன் சார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, சக்கரம் வைத்த தூண்டில் கம்போடு ஏரிக்கு வந்துவிடுவார். கடலைப் பிரிந்த ஏக்கம். ஏரியைப் பார்க்கிறபோதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார்.

கரையிலிருந்து வீசுவார். ஏரி வருவதற்கு முன்னால் அங்கே சில்வர் ஓக் மரங்கள் நின்றன. வெட்டின அடிமரங்கள் தண்ணீருக்குள் அப்படியே இருக்கின்றன. சார் வீசுகிற சின்னச் சின்னப் பொய்மீன்களெல்லாம் அவற்றில் மாட்டி அறுந்து போகும்.

"சார் வாராவாரம் மரத்துக்கு நகை போடறாருங்க" என்பார் நங்கை.

வாத்துக் குஞ்சு போன அந்தக் காலையில் நங்கை போட்ட சத்தத்தில் சார் பல்குச்சியோடு எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். வீட்டுக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்.

உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மரமீன். பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட். வயிற்றில் ஈயம் வைத்திருந்ததால் படிக்கல் மாதிரிக் கனம். ஆட்டினால் உள்ளே குண்டு உருண்டது. கீழே மும்முள் கொக்கிகள் இரண்டு.

நங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மீனுங்களா, சப்பாத்திக் கட்டைங்களா?"

"லூரும்மா. கடல்ல படகுக்குப் பின்னால கட்டி இழுப்போம். சீலா மீன் நெசமுன்னு நம்பி வந்து கடிக்கும்."

"உங்கூரு மீனு அத்தனை ஏமாளியா?"

"எங்க ஊர்ல மீனும் நம்பும், மனுசனும் நம்புவான். அதனாலதானே இந்த மலைக்கு மாத்தல் போட்டதும் நல்ல குளிர்ச்சியான எடம்னு நம்பி வந்துட்டேன்."

சார் சொன்ன விவரம் இது. குஞ்சை முழுங்குகிற மீனுக்குச் சின்ன இரை கண்ணில் படாது. பெரிதாகக் காட்ட வேண்டும். கட்டை கனமாக இருந்தால் இழுக்கிறபோது மேலே மிதந்து வராமல் அடியிலேயே வரும். ஆனால் கரையிலிருந்து வீச முடியாது, வீசினால் தோள் கழன்றுவிடும். தண்ணீரில் போய் இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும்.

"பரிசல் கெடக்கு. ஓட்டத்தான் ஆளில்ல" என்றார் சார்.

நங்கை மோவாயை என் பக்கம் திருப்பினார். "இவ அப்பன் பரிசக்காரனுங்க."

நான் காப்பித் தம்ளருக்குள் ஒளிய இடம் தேடினேன்.

பேண்டைப் பிடித்த கொக்கி

முதல் ஞாயிறு சாரும் நானும் போனோம். நாயையும் குட்டிகளையும் குடிபெயர்த்து, பரிசலைக் கழுவி, தண்ணீரில் தள்ளினோம். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு துடுப்பைப் பிடித்தேன். ஊரே கரையில் நின்றது. நான் யாரையும் பார்க்கவில்லை.

துடுப்பு தண்ணீரில் இறங்கினதும் கைக்குத் தானாக எல்லாம் தெரிந்தது. பரிசலில் முன்னால் மண்டியிட்டு, தண்ணீரைத் தன் பக்கம் அள்ளி அள்ளி இழுக்க வேண்டும். மாவு பிசைகிற மாதிரி. அள்ளுகிற பக்கம் பரிசல் போகும்.

சார் பின்னால் உட்கார்ந்து நூலை விட்டார். விட்டார், விட்டார், ஏரியில் பாதி தூரத்துக்கு விட்டார். கடலில் அப்படித்தானாம். படகுச் சத்தத்துக்கு மீன் மிரளும், அதனால் கட்டை எட்டத்தில் வர வேண்டுமாம்.

ஆனால் பரிசலுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. கொஞ்சம் கை அசந்தால் சுழலும். எனக்கோ எத்தனையோ வருஷம் கழித்துத் துடுப்பு. சுழன்றது. நூல் பரிசலைச் சுற்றியது. சார் எழுந்து அதை எடுக்கப் பார்த்தார். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். பரிசல் ஒரு ஆட்டம் ஆடியது. சார் மறுபடி உட்கார்ந்தபோது, சுற்றி வந்திருந்த கட்டையின் மேலேயே உட்கார்ந்தார்.

கரையிலிருந்து நங்கையின் குரல் வந்தது. "இந்த ஏரியில அதுதானுங்க பெரிய மீனு. விட்டுறாதீங்க சார்."

கொக்கி பேண்டோடு நின்றது, தோலுக்குப் போகவில்லை. சார் நல்ல மனுஷர். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரையேறி, எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போவதாகவும், வந்து மறுபடி பார்க்கலாம் என்றும் சொல்லிக் கம்பையும் கட்டையையும் நங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மாடு பிடிக்கிற பிடி

அந்த வாரம் இன்னொரு குஞ்சு போனது. நங்கை இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"எந்திரி அம்மிணி."

"சார் வந்தரட்டுங்க நங்கை."

"அவரு வாரதுக்குள்ள வாத்துக்கூட்டமே தீந்துரும்."

"ஒருவேள புடிச்சுட்டமுன்னா…"

நங்கைக்குப் புரிந்தது. கம்பைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நாமளாவது, புடிக்கறதாவது. மண்டையில ஒரு தட்டாவது தட்டிட்டு வாரேன். இல்லைன்னா எனக்குச் சோறு எறங்காது."

தண்ணீரில் கால் வைத்தே அறியாதவர் பரிசலில் ஏறினார். ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

சார் நூல் விட்ட மாதிரி நங்கை விடவில்லை. சக்கரத்தை எப்படி விடுவது என்று தெரியாது, தெரிந்தாலும் விட்டிருக்கமாட்டார். மலைச் சரிவில் மாடு பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றை நீட்டிக் கொடுக்கமாட்டார்கள். நீட்டினால் மாடு பள்ளத்தில் கால் வைக்கும், நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மூக்கணாங்கயிற்றுக்குப் பக்கத்திலேயே கையைப் போட்டுக் குட்டையாகப் பிடிப்பார்கள். நங்கையும் கட்டையை அப்படித்தான் பிடித்தார். பரிசலுக்கு வெளியே ஒரு சேலை அகலத்துக்கு மேல் நூல் இல்லை.

"கொஞ்சம் விடுங்க நங்கை."

"விட்டா ஓடிப்போயிரும்."

"அது கட்டைங்க."

"கட்டையா இருந்தா என்ன, அடுத்தவிய பொருளு."

நான் அள்ளினேன். கட்டை பரிசலுக்கு ஒட்டினாற்போல், நான் கலக்கிவிடுகிற தண்ணீருக்குள்ளேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கனத்தால் நேராக அடியில் தொங்கியது. பரிசல் சுழன்றால் அதுவும் கூடவே சுழன்றது, சிக்கவே இல்லை. அடிமரம் வந்தால் 'டொக்'கென்று தட்டும். நங்கை கிணற்றில் வாளியைத் தூக்குகிற மாதிரி ஒரு தூக்குத் தூக்கித் தாண்டவிடுவார். பத்துப் பதினைந்து மரத்தைத் தாண்டினதும் அவருக்கே பிடித்துப்போய்விட்டது. மூடின கண்ணும் திறந்துவிட்டது.

எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்த மீன் பின்தங்கின குஞ்சை ஒருநாளும் தின்றதில்லை. ஆத்தாளின் காலுக்கடியில் போகிற குஞ்சைத்தான் தின்றது. கால் அடிக்கிற சத்தத்துக்குத்தான் அது வந்திருக்கிறது. எங்கள் துடுப்பும் அதற்கு ஒரு பெரிய வாத்தின் காலாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. துடுப்புப் போடுவதும், யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதுமே எனக்குச் சரியாக இருந்தது.

மூங்கில் புதர் நிழல் விழுகிற இடத்தில் கம்பு குனிந்தது.

"மரம் மாட்டிக்கிச்சு அம்மிணி" என்றார் நங்கை.

மரம் நகர்ந்தது.

பிறகு பரிசலும் நகர்ந்தது, நான் துடுப்புப் போடாமலே. பம்பரம் மாதிரி ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. என் முக்காடு எங்கே போனது என்று தெரியவில்லை. தண்ணீர் பரிசலுக்குள் வந்து விழுந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில், பரிசல் ஓரத்தில், ஒரு தலை மேலே வந்து வாயைத் திறந்து உதறியது. உரல் குழி மாதிரி வாய். ஓரத்தில் எங்கள் பச்சைக் கட்டை.

நங்கை கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. மிரண்ட காளையிடம் பேசுகிற தாழ்ந்த குரல் அவருக்கு வந்துவிட்டது.

"ஹோ… ஹோ… நில்லு. எங்க போற? நில்லு சாமி."

போன வாரம் முப்பாட்டன் வரைக்கும் திட்டு வாங்கின மீன், இப்போது சாமி.

"கரைக்குப் போ அம்மிணி. மெதுவா."

அள்ளினேன். அப்பாகூட அத்தனை வேகமாக அள்ளி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பரிசல் தரை தட்டினதும் நங்கை இறங்கினார். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி, கரையேற்றத்தில் நடந்தார். முரண்டு பிடிக்கிற கன்றை இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது நின்றுவிடும். நங்கை திரும்பவே இல்லை. பலாமரம் வரைக்கும் நடந்தார். பின்னாலேயே பூவிரால் புல்லில் துள்ளிக்கொண்டு வந்தது.

"வந்துருச்சா?" என்று மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வந்துருச்சுங்க" என்றேன்.

சாக்கு குழம்பாச்சு

ஊர் கூடிவிட்டது. நீளத்தைக் கையால் அளந்தார்கள், காலால் அளந்தார்கள். யாரோ நங்கையையும் மீனையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். நான் பரிசலைக் கழுவப் போய்விட்டேன்.

தெருவுக்கே பங்கு போட்டோம். எங்கள் பங்கை நானே குழம்பு வைத்தேன். புதுமிளகு அரைத்துப் போட்டது. நங்கை இரண்டாம் முறை சோறு வாங்கினார். வாயில் வைக்கப் போன கை பாதியில் நின்றது.

"அம்மிணி."

"ஏனுங்க?"

"மீனு ஒழிஞ்சுபோச்சு."

ஆமாம் என்றேன். இவ்வளவு நாளாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சாக்கை நாங்களே பிடித்து, நாங்களே அறுத்து, மிளகு போட்டுத் தின்றுகொண்டிருந்தோம். ருசியாகவும் இருந்தது. அதுதான் கொடுமை.

"போட்டோ அவனுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டார்.

போயிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் அவர் வீட்டில் போன் அடித்தது, நங்கை ஓடினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நங்கையின் குரல் மட்டும் கேட்டது. "ஆமாங் கண்ணு… ஆமா… செஞ்சேன், சத்தியம் செஞ்சேன்… ஞாயித்துக்கெழமையா… செரி."

அந்த வாரம் காலையில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் கொஞ்சம் தாமதமாகவே திருப்பித் தட்டினேன். இன்னொரு தரம் தட்டட்டும் என்று.

நங்கை பானை சட்டியை ஒதுக்கினார். கம்பளியை எனக்குக் கொடுத்தார். வாத்துகளையும் எனக்கே கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு வாத்தே பிடிக்காது. அதன் நடையும், அதன் குரலும், எந்நேரமும் எதையோ குறை சொல்லிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

யார் பார்த்தது?

ஞாயிற்றுக்கிழமை குமரேசன் காரோடு வந்தான். மூட்டைகளை டிக்கியில் ஏற்றினான். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் இனிப்புப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். அவன்மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. அதுவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வாத்தைக் கடேசியா ஒரு தரம் தண்ணியில உட்டுட்டு வாரேன்" என்று நங்கை ஏரிக்குப் போனார். திரும்பி வந்தபோது முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார். வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"குஞ்சு ஒண்ணைக் காணோம் கண்ணு."

"என்னம்மா?"

"முழுங்கிருச்சு. வெரால்னா சும்மாவா? ஜோடியாத்தான் இருக்கும். நாம புடிச்சது ஒண்ணு. இன்னொண்ணு கெடக்குது உள்ள."

குமரேசன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "அம்மா. யாரு பாத்தது?"

நங்கை தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன் இல்லையா, மகனிடம் பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் விழும். இப்போது அந்தச் சொட்டும் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் 'கீச்' என்றது.

மெல்லிசாகத்தான். ஆனால் எனக்குக் கேட்டது. நங்கையின் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியதில் அவருக்கும் கேட்டது தெரிந்தது. குமரேசன் லேசாகத் தலையைத் திருப்பினான்.

"நான் பாத்தேன்" என்றேன்.

நானா சொன்னது என்று எனக்கே சந்தேகம். மறுபடி கீச். சத்தமாகச் சொன்னேன்.

"நான் பாத்தேன் சாமி. காத்தால கரையில நின்னேன். மூங்கி நெழலுக்குள்ள இருந்து வந்துச்சு. மொதல்ல தண்ணி சுழிச்சுது. அப்பறம் தலை. தலையே ஒரு சொம்பு இருக்கும். மொத மீனாவது பரவால்ல, இது அதுக்கும் மேல. குஞ்சு ஒண்ணு, ஆத்தாகூட ஒட்டிக்கிட்டுப் போன குஞ்சு, லபக்குனு ஒரு சத்தந்தான். நான் கத்தக்கூட இல்ல. எனக்குத்தான் கத்த வராதே. இந்தத் தண்டி இருக்கும்."

கையை விரித்துக் காட்டினேன். உள்ளே கீச், கீச். நான் நிறுத்தவில்லை. மூங்கில் எத்தனை உயரம், தண்ணீர் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் சொன்னேன். மூச்சு வாங்கினால் கேட்டுவிடுமே என்று மூச்சுகூட வாங்கவில்லை. என் வாழ்நாளில் சோளக்காட்டில் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் அந்த வாசலில் பேசினேன்.

குமரேசன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்றான். "நீங்க சொன்னா, இருக்கும்."

மூட்டைகளை அவனே டிக்கியிலிருந்து இறக்கினான். இரண்டாவது மீனும் ஒழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். என் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, மழைக்கு முன்னால் மலை இறங்க வேண்டும் என்று புறப்பட்டான். கார் சிமெண்ட் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நங்கையும் நானும் கையை ஆட்டினோம்.

பிறகு நங்கை உள்ளே போய், காலி அரிசிப் பானையின் மேல் கவிழ்த்திருந்த முறத்தை எடுத்தார். குஞ்சைத் தூக்கித் தரையில் விட்டார். அது என்னைக் குறை சொல்லிக்கொண்டே வெளியே நடந்து போனது.

நங்கை ஒரு மூட்டையைப் பிரித்துக் காப்பிக்குச் சட்டியைத் தேடினார். முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"உனக்குப் பொய் சொல்லவே வரல அம்மிணி. கையை அத்தனை சின்னதாவா விரிக்கறது?"